உடம்பு ரோவர், உயிர் டிராக்டர்

சங்கரன்கோவிலில் ஒரு காலத்தில் காரை அடையாளம் காணக் கண் தேவைப்படவில்லை, காது போதும். விடியக்காலையில் ரத வீதியில் கல்யாணச் சவாரிக்கு ஒரு அம்பாசிடர் கிளம்பும். திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் போர்வையை விலக்காமலே "மெட்டடார் போகுது" என்பார். போவது அம்பாசிடர்தான். ஆனால் பானட்டுக்குள் உட்கார்ந்து அலறுவது மெட்டடார் வேன் எஞ்சின். உடம்பு கல்கத்தா, குரல் பூனா. ஆர்.சி. புத்தகம் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி 'பெட்ரோல்' என்று சாதிக்கும்.

வெள்ளைக்காரன் பழைய காரில் பெரிய எஞ்சினை ஏற்றியது வேகத்துக்காக. நாம் ஏற்றியது பங்க்கில் கொடுக்கிற காசுக்காக. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் நம் மோட்டார் வரலாறு மொத்தமும் புரிந்துவிடும். பாடநூல் கழகம் இதை அச்சடிக்கப் போவதில்லை என்பதால் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் கதை. 1961-ல் அமெரிக்காவின் பியூக் கம்பெனி முழுக்க அலுமினியத்தில் ஒரு வி-8 எஞ்சின் செய்தது. மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர், எடையோ இரண்டு ஆள் தூக்கிவிடலாமா என்று யோசிக்க வைக்கிற அளவு. வார்ப்பதில் செலவும் தொல்லையும் அதிகம் என்று 1963-லேயே கைகழுவிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரைன் கம்பெனிக்குத் தன் எஞ்சினை விற்க அமெரிக்கா போனார். அங்கே பட்டறைத் தரையில் இந்த பியூக் எஞ்சின் கிடந்தது. மனிதர் விற்க வந்ததை மறந்துவிட்டு "இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டார். சந்தைக்கு மாடு விற்கப் போனவர் இன்னொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய கதைதான். ஆனால் மாடு நல்ல மாடு. 1967-ல் ரோவர் பி5பி காரில் ஏறி, பிறகு நாற்பது வருஷம் பால் கறந்தது.

அது வந்ததும் இங்கிலாந்தில் இருந்த ஷெட்காரர்களுக்கெல்லாம் கை துறுதுறுத்தது. எம்.ஜி.பி. என்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த நாலு சிலிண்டர் இரும்பு எஞ்சினை இறக்கிவிட்டு, இந்த எட்டு சிலிண்டரை வைத்துப் பார்த்தார்கள். அலுமினியம் என்பதால் எடை ஏறவே இல்லை. கென் காஸ்டெல்லோ என்பவர் இதை ஒரு தொழிலாகவே செய்து விற்க ஆரம்பித்தார். அவர் செய்ததைப் பார்த்து எம்.ஜி. கம்பெனியே 1973-ல் வி-8 வைத்து கார் விட்டது. பட்டறைக்காரரைப் பார்த்துக் கம்பெனி காப்பியடித்தது; இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரிலும் இதுவே நடக்கும், ஆனால் தாமதமாக.

இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. எம்.ஜி.பி.-யிலிருந்து இறக்கிப் போட்டார்களே, அந்த இரும்பு எஞ்சின், நம் அம்பாசிடர் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. இரண்டும் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அதைவிடக் கொடுமை, அம்பாசிடரின் அதே 1489 சிசி அளவில்தான் 1955-ல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. அங்கே ஒரு துரையும் துரைசாணியும் கூரையில்லாமல் காற்று வாங்கப் போவதற்கு என்று பிறந்த எஞ்சின், இங்கே வந்து பெரியவர்கள் ஐந்து, பிள்ளைகள் ஆறு, டிக்கியில் அண்டா, கேரியரில் ஜமுக்காளம் என்று குற்றாலச் சீசனுக்கு இழுத்தது. ஒரே வயிற்றில் பிறந்தாலும் வாக்கப்படுகிற இடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அம்பாசிடரே எஞ்சின் மாற்றத்தில் வளர்ந்த பிள்ளை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரை கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் வைத்தது 1476 சிசி சைடு வால்வு எஞ்சின். 1959-ல் அதை இறக்கிவிட்டு 1489-ஐ வைத்தார்கள். வித்தியாசம் 13 சிசி. மருந்து கொடுக்கிற பாலாடையில் அடங்கிவிடும். ஆனால் வால்வு பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே போனதால் வண்டிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் பெட்ரோல் எஞ்சினை யாரும் அசைக்கவில்லை. முன்பக்க கிரில்லை மட்டும் மாற்றி மாற்றி மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் எஞ்சின் விஷயத்தில் தமிழ்நாட்டின் விளையாட்டு அம்பாசிடருக்கும் முந்தியது. 1903-லேயே சென்னை சிம்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து மவுண்ட் ரோடு மாடுகளை மிரட்டியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் மதுரை டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு பிளான்ட் செய்து தந்தது. பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பு, அதில் அடுப்புக்கரி, அதிலிருந்து வரும் வாயுவில் பெட்ரோல் எஞ்சின் ஓடும். ஓடும் என்றால், மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வலு போக மிச்சத்தில் ஓடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட் காசு கொடுத்து நடந்து போன ஒரே தலைமுறை அதுதான்.

போர் முடிந்தது, டீசல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் யார் என்பதில்தான் நம் கதையின் சூட்சுமம் இருக்கிறது. மெக்கானிக் அல்ல, ரேஸ்காரர் அல்ல. கணக்குத் தணிக்கை படித்த ஒருவர். எஸ். அனந்தராமகிருஷ்ணன், சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி, இன்றைய கணக்கில் சங்கரன்கோவிலும் ஆழ்வார்குறிச்சியும் ஒரே தென்காசி மாவட்டம். வெள்ளைக்காரன் நடத்திய சிம்ஸனுக்குத் தலைவரானவர், அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டியவர். இங்கிலாந்தில் பெர்க்கின்ஸ் என்று ஒரு கம்பெனி 1932-லிருந்து ஒரே பிழைப்பாக, பெட்ரோல் லாரிகளில் தூக்கி வைக்கத் தோதான டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. அதன் உரிமையை வாங்கி 1950-களின் தொடக்கத்தில் சென்னையிலேயே செய்ய ஆரம்பித்தார். பெட்ரோல் குடித்துக் குடும்பத்தை அழித்துக்கொண்டிருந்த டாட்ஜும் ஃபார்கோவும் திருந்தின. குதிரைசக்தி எத்தனை என்று எவரும் கேட்கவில்லை. கேலனுக்கு எத்தனை மைல் என்று மட்டும் கேட்டார்கள். திருநெல்வேலிச் சீமைக் கணக்குப்பிள்ளை கையில் மோட்டார் தொழிலைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும், நடந்தது நல்லதே.

லாரிக்கு நடந்த வைத்தியம் காருக்கு வர எத்தனை நாளாகும்? ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் விட்டது. அதே 1489 சிசி, ஆனால் டீசல், 37 குதிரை. ஒரு டன்னைத் தாண்டிய வண்டிக்கு 37 குதிரை என்றால், ஏசி போட்டால் நின்றுவிடுமோ என்ற பயமே தேவையில்லை. ஏசியே கிடையாது. பொறுமை இல்லாதவர்களும் பழைய பெட்ரோல் அம்பாசிடரைக் கையில் வைத்திருந்தவர்களும் நேராகப் பட்டறைக்குப் போனார்கள்.

பட்டறை என்றால் ஒரு தகரக்கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம். மரம் நிழலுக்கு அல்ல. அதன் தடித்த கிளையில் செயின் பிளாக் தொங்கும், செயினில் எஞ்சின் தொங்கும். கீழே அம்பாசிடர் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஓனர் அண்ணாச்சி எஞ்சினையும் பார்ப்பார், இடத்தையும் பார்ப்பார்.

"மேஸ்திரி, இது உள்ள போகுமா?"

"போகும் அண்ணாச்சி. போகலைன்னா தடுக்கிற தகடு போகும்."

பெரிய எஞ்சினை உள்ளே வைப்பது எளிது. பழைய கியர்பாக்ஸோடு சேர்ப்பதுதான் வித்தை. புது எஞ்சினின் பின்முகத்தில் கிரீஸைத் தடவி, ஓர் அட்டையை ஒற்றி எடுப்பார் மேஸ்திரி. போல்ட் துளைகள் அத்தனையும் அட்டையில் விழும். கியர்பாக்ஸ் முகத்திலும் அதே மாதிரி ஒன்று. இரண்டு அட்டையையும் லேத்துக்கு எடுத்துப்போய், நடுவில் வைக்க இரும்புத் தட்டு ஒன்று கடைந்து வாங்கிவருவார். கியர்பாக்ஸ் ஷாஃப்டும் எஞ்சின் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தலைமுடி அளவு விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் மாதாமாதம் சம்பளம் கேட்கும். மேஸ்திரியிடம் டயல் கேஜ் இருக்காது. விரலால் தடவிப் பார்த்து, "ஒரு நூல் இடிக்கு" என்பார். பெரும்பாலும் அந்த ஒரு நூல் சரியாகவே இருக்கும்.

பிறகு எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி வெல்டிங். சம்ப் கீழே இடித்தால் சம்ப்பைத் தட்டி ஒரு பள்ளம். ரேடியேட்டர் போதாது, பெரிசு தேடு. இரும்பு எஞ்சின் கனத்தில் முன்பக்கம் குனிந்துவிட்டதா, டார்ஷன் பாரை முறுக்கித் தூக்கு. ஹீட்டர் பிளக்குக்கும் அந்த கனத்த ஸ்டார்ட்டருக்கும் லாரி பேட்டரி வேண்டும், அதற்கு ஓர் இடம் பார். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புவதற்கு முன் டாஷ்போர்டு கிளம்பும். முன்னால் ஒட்டிய கோமதி அம்மன் படம் நம்மைப் பார்த்துத் தலையாட்டும். டீசல் எஞ்சினின் சுற்று குறைவு, பின்னால் கிரவுன் பினியனோ பெட்ரோலுக்கு என்று பல் வெட்டியது. ஆகவே எண்பதைத் தொட்டால் மொத்த வண்டியும் பேச ஆரம்பிக்கும். அண்ணாச்சிக்கு அது குறையே இல்லை. எண்பதில் போக அவருக்கு என்ன அவசரம்? நயா பைசா மிச்சமானதைத் திருநெல்வேலி போய்ச் சேரும் வரை எண்ணிக்கொண்டே போவார்.

இது தப்பில்லையா, ஒரு கம்பெனி வண்டியில் இன்னொரு கம்பெனி எஞ்சினா என்று யாராவது கேட்டால் மேஸ்திரியிடம் பதில் தயார். "நம்ம ஊர்ச் சாமியே ஒரு பாதி சங்கரன், ஒரு பாதி நாராயணன். காருக்கு மட்டும் என்னவாம்?" சங்கன், பதுமன் என்ற நாகராஜாக்கள் சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று மல்லுக்கு நிற்க, கோமதி அம்மன் தவம் இருந்து, ஆடித்தபசு நாளில் இருவரையும் ஒரே உடம்பில் காட்டச் செய்த தலம் அல்லவா இது. மேஸ்திரியின் வாதத்தில் ஒரே ஓர் ஓட்டை. சாமி விஷயத்தில் இரண்டு பாதியும் சமபலம். கார் விஷயத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. மேஸ்திரிக்கு இது தெரியும், அதனால்தான் டார்ஷன் பாரை முறுக்கினார். தெரியாதவர்கள் கோட்டு சூட்டு போட்டு போர்டு ரூமில் இருந்தார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் அந்த உடம்புக்கென்றே பிறந்த எஞ்சின், எட்டிப்போட்டது. பழைய கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று. புதுக் கார் வேண்டும், உடனே வேண்டும், அந்நியச் செலாவணியும் கரையக்கூடாது. என்ன செய்தார்கள்? அடுத்தடுத்து மூன்று சங்கரநாராயணர்களை இறக்கினார்கள்.

ஒன்று, 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. உடம்பு இங்கிலாந்து வாக்ஸ்ஹால். அகலமும் நீளமும் பார்த்தால் அமெரிக்க சினிமாவில் வில்லன் இறங்கும் கார். உள்ளே? நம் பழைய 1489. எம்.ஜி.ஏ.-விலிருந்து வந்து, அம்பாசிடரில் அண்டா சுமந்து, இப்போது கான்டெஸாவையும் இழு என்று அந்த ஜீவன் தலையில் கட்டினார்கள்.

இரண்டு, 1985-ல் பிரீமியர் 118 என்.இ. உடம்பு ஃபியட் 124 வழி வந்தது, எஞ்சின் ஜப்பான் நிசான். மூன்றில் இதுதான் ஒழுங்கான ஜோடி. அதனாலேயே இதைப் பற்றிச் சிரிக்க ஒன்றுமில்லை, தாண்டிப் போவோம்.

மூன்றாவதுதான் நம் கதாநாயகன். 1985, சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. ஹெரால்டும் கஸலும் செய்த கம்பெனி. தமிழ்நாட்டுக்கென்று இருந்த ஒரே சொந்தக் கார் கம்பெனி. அவர்கள் விட்ட கார், ஸ்டாண்டர்டு 2000.

உடம்பைப் பாருங்கள். ரோவர் எஸ்.டி.1. டேவிட் பேச் என்ற டிசைனர் ஃபெராரி டேடோனாவைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரைந்தது. 1976-ல் இங்கிலாந்தில் வெளியாகி, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கியது. அங்கே திருடனைத் துரத்த போலீஸ் வைத்திருந்த கார். உள்ளே என்ன எஞ்சின் தெரியுமா? மார்ட்டின்-ஹர்ஸ்ட் சந்தையிலிருந்து பிடித்து வந்தாரே, அதே மூன்றரை லிட்டர் வி-8. 155 குதிரை.

பெருங்களத்தூரில் அந்த எஞ்சின் இல்லை. புதிதாக ஓர் எஞ்சின் செய்யப் பணமும் இல்லை, லைசென்ஸ் ராஜ்யத்தில் அனுமதியும் லேசில் இல்லை. கையில் இருந்தது வேன்களில் போட்டுக்கொண்டிருந்த 1991 சிசி பழைய நாலு சிலிண்டர். அதன் பூர்வீகம் 1947. போர் முடிந்த கையோடு இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனி, ஹாரி ஃபெர்குசனுக்கு டிராக்டர் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் போட்டது. டிராக்டருக்கும் வான்கார்டு காருக்கும் சேர்த்து ஒரே எஞ்சின் குடும்பம். சிலிண்டருக்குள் லைனரைக் கழற்றி மாற்றலாம். 85 மில்லிமீட்டர் லைனர் போட்டால் 2088 சிசி, 83 போட்டால் 1991. உழைப்பில் குறையே சொல்ல முடியாது. 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரி தென்துருவம் போய்ச் சேர்ந்தது இந்தக் குடும்பத்து எஞ்சின் பூட்டிய ஃபெர்குசன் டிராக்டரில்தான். பனியில் தென்துருவம் வரை போன வம்சம், ரோவர் சட்டையைப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு வரை போக யோசித்தது.

இன்னும் ஒரு கொசுறு. இதே 1991 சிசி எஞ்சின் 1953-ல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் 90 குதிரை தந்தது. 1985-ல், அதைவிட எவ்வளவோ பாரமான ஸ்டாண்டர்டு 2000-ல் தந்தது 83. முப்பத்திரண்டு வருஷ ஆராய்ச்சியில் ஏழு குதிரை லாயத்தை விட்டு ஓடிவிட்டன.

வண்டியைத் தரையிலிருந்து தூக்கியும் வைத்தார்கள், நம் ரோடு அப்படி. ஃபெராரிக்குத் தங்கச்சியாகப் பிறந்தது, வேட்டியை மடித்துக் கட்டி ஓடையைத் தாண்டுகிற நிலைக்கு வந்தது. விலையோ பணக்காரர் விலை. வாங்கின பணக்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு, ஏதாவது நடக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார். பக்கத்தில் ஒரு மாருதி, ஒரு பையன் ஓட்டிக்கொண்டு, ஹாரன் கூட அடிக்காமல் தாண்டிப் போகும். வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. இரண்டில் ஒன்றையாவது கொடுத்திருந்தால் இந்த நாடு மன்னித்திருக்கும். வேகம் இல்லாததை மன்னிப்பதில் நம்மைப் போல் பெருந்தன்மை யாருக்கும் கிடையாது. 1980-களின் கடைசியில் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது.

மேஸ்திரி செய்ததற்கும் பெருங்களத்தூர் செய்ததற்கும் தூரம் அதிகமில்லை. இருவருமே கையில் கிடைத்த எஞ்சினைத்தான் வைத்தார்கள். ஆனால் மேஸ்திரி முதலில் கேட்டது, "அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு எஞ்சின் மாத்தணும்?" என்று. பெட்ரோல் காசு மிச்சமாகணும் என்றார் அண்ணாச்சி. ஆயிற்று. பெருங்களத்தூரில் அந்தக் கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்கவில்லை, குடோனிடம் கேட்டார்கள்.

பெருங்களத்தூர்க் கதைக்கும் ஒரு கிளைமாக்ஸ் உண்டு. கம்பெனி மூடிய பிறகு மிச்சம் கிடந்த உதிரிப் பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கடைக்காரர்கள் வாங்கி, கப்பலேற்றினார்கள். அங்கே துருப்பிடித்த எஸ்.டி.1 வைத்திருந்த ரசிகர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. பெருங்களத்தூர்க் கதவுகள் ஏழு கடல் தாண்டித்தான் வி-8 சத்தத்தைக் கேட்டன. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள்.

பாடம் படித்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். கான்டெஸாவுக்கு ஜப்பான் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை வாங்கி வைத்ததும் வில்லன் கார் கடைசியில் வில்லத்தனம் செய்ய ஆரம்பித்தது. 1990-களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாசிடரிலும் ஏறியது. ஸ்டியரிங்கில் தொங்கிய கியர் ஐந்து கியராகித் தரைக்கு வந்தது. பின்னாலேயே இரண்டு லிட்டர் இசுசு டீசலும் வந்தது. சங்கரன்கோவில் வேப்பமரத்தடியில் பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்த வேலையைக் கம்பெனி கேட்லாக் போட்டு விற்றது. காஸ்டெல்லோவைப் பார்த்து எம்.ஜி. செய்த மாதிரி உடனே செய்திருந்தால் கதை வேறு. இங்கே முதலில் உடம்பைத் தேடி ஓடிவிட்டு, எஞ்சின் நினைவு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

சட்டம் மட்டும் கட்சி மாறவில்லை. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. பிரேக்கைத் தொடாமல் எஞ்சினை மட்டும் பெருக்கியவர்களை நினைத்தால் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிராக்டர் வம்ச எஞ்சினை ரோவருக்குள் வைத்தால் அது 'மாடல்', மெட்டடாரை அம்பாசிடருக்குள் வைத்தால் அது 'விதிமீறல்'. வேப்பமரத்துக்கும் கம்பெனி கேட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்வளவே.

உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றது. எஞ்சின் போயிற்று, உடம்பும் போயிற்று. 2017-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிச்சமிருந்த பெயரை மட்டும் தனியாகக் கழற்றி பிரான்ஸின் பீஜோ கம்பெனிக்கு விற்றது, 80 கோடி ரூபாய்க்கு. செயின் பிளாக் இல்லாமல், வெல்டிங் இல்லாமல், கையில் ஒரு சொட்டு கிரீஸ் படாமல். நம் மேஸ்திரிகள் எத்தனையோ அம்பாசிடரைப் பிரித்துக் கோத்தார்கள். அதில் இவ்வளவு விலை போகிற பாகம் எது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று.